நொதி போட்ட ஜெலட்டின் கவர் முறுக்குக்கு ஆகுமா?

கேள்வி: மணப்பாறையில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறோம். பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாக, நொதி (என்சைம்) சேர்த்துச் செய்த, மண்ணில் மக்கும் ஜெலட்டின் கவர் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். முறுக்கு நமத்துப்போவதை அந்தக் கவர் தடுக்காது.

வெறும் ஜெலட்டின் தாள் வெந்நீரில் கரைந்துவிடும். டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் ஜெலட்டினிலுள்ள புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும்; அப்புறம் தாள் ஊறி உப்புமே தவிர கரையாது. நொதியின் வேலை அவ்வளவுதான். காற்றிலுள்ள ஈரத்தை அது தடுத்து நிறுத்தாது. போதாததற்கு, தாள் ஒடியாமல் வளைய கிளிசரின் சேர்ப்பார்கள். கிளிசரின் ஈரத்தை இழுக்கும். தீபாவளி விற்பனை சூடுபிடிக்கும் ஐப்பசி மழையில் கவரே பிசுபிசுக்கும்.

ஒரே ஒரு இடத்தில் இது உதவும்: காற்றுப் புகாத டின்னுக்குள் உள்சுற்றாக. எண்ணெய் கசிவதை ஜெலட்டின் நன்றாகவே தடுக்கும். ஆனால் டின் என்றால் இறுக்க மூடும் டின். அட்டைப்பெட்டி ஆகாது, மூடி தளர்ந்த டப்பாவும் ஆகாது. டின்னிலிருந்து எடுத்துக் கடை வாசலில் தொங்கவிட்டால் பலன் போச்சு.

இப்போது ஏஜென்ட் விஷயம். ஸ்டார்ச் கவரையும் நொதிக் கவர் என்று தள்ளிவிடுவார்கள். இந்த நொதி புரதத்தைத்தான் பிணைக்கும், ஸ்டார்ச்சை ஒன்றும் செய்யாது. மாதிரி வாங்கி ஓரத்தைக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்தால் புரதம். காகித வாடை வந்தால் ஸ்டார்ச். உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக். புரதம்தான் என்றால் ஒரு துண்டை வெந்நீரில் போடுங்கள். கரைந்தால் நொதி போடவில்லை, அல்லது போதிய அளவு போடவில்லை. கரையாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், குளுட்டரால்டிஹைடு என்ற நச்சு ரசாயனமும் ஜெலட்டினை இதேபோல் பிணைக்கும். எதைப் போட்டுப் பிணைத்தார்கள் என்று தயாரிப்பாளரிடமே எழுதி வாங்குங்கள், ஏஜென்ட்டிடம் அல்ல. ஜெலட்டின் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பதையும் ஏஜென்ட் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சைவப் பலகாரம் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு நீங்கள்தானே பதில் சொல்ல வேண்டும்?

சான்றிதழ் என்று ஒரு ஜெராக்ஸை நீட்டுவார். ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தர எண் போட்டிருந்தால், உரமாக்கும் ஆலைச் சூட்டில் அந்தப் பொருள் மக்கும் என்றுதான் அர்த்தம். முறுக்கு மொறுமொறுப்பாக இருக்கும் என்று அந்தத் தரம் எங்கேயும் சொல்லவில்லை. அதிலுள்ள பெயரும் தயாரிப்பாளர் பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அபராதச் சீட்டு கிழிக்க ஆள் வருகிறது. எந்தப் பலகாரத்துக்கு எந்த உறை பொருந்தும் என்று சொல்லித்தர ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

மாதிரிக் கவரில் நாலு முறுக்கைப் போட்டு மூடி, அடுப்படியில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு ஒடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.