முன் டயர மொதல்ல மாத்துங்க

கேள்வி: அண்ணா வணக்கம். தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல வளந்தவன், வேலைக்காக கேப் டவுன் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ரைலண்ட்ஸ்ல இருக்கேன். டர்பன்ல ஓட்டுன அதே 29 இஞ்ச் மவுண்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்), ரெண்டு சக்கரத்துலயும் 2.2 இஞ்ச் அகல மேக்ஸிஸ் ஐகான் டயர், ட்யூப்லெஸ். போன மாசம் டோக்காய் காட்ல ஈர வேர் மேல முன் சக்கரம் வழுக்கி தோள்ல நல்ல அடி. கடைல ரெண்டு டயரையும் மாத்தி சேறுக்கான டயரா போடச் சொல்றாங்க, நெறைய செலவாகும். என் வெயிட் 75 கிலோ, காத்தழுத்தம் ரெண்டு பார் வைக்கறேன். என்ன பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல தோள் முழுசா சரியாகட்டும், அதுக்கப்பறம் ஏறுங்க. நம்ம டர்பன் பக்கம் குளிர்காலம்னா காஞ்ச மண்ணு, மழையெல்லாம் வெயில் காலத்துல. கேப் டவுன்ல தலைகீழ், ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் குளிரும் மழையும் சேந்தே வரும், அதனால அங்க ஓடுன டயர் இங்க கைவிட்டதுல ஆச்சரியமே இல்ல. ஐகான் நல்ல டயர்தான், ஆனா பட்டன் (டயர் மேல இருக்கற ரப்பர் முடிச்சு) குட்டையா நெருக்கமா இருக்கும், காஞ்ச தரைல வேகமா உருளும், சேத்துல ரெண்டு சுத்து சுத்துனா இடுக்கெல்லாம் மண்ணு அடைச்சு வழவழன்னு ஆயிடும்.

கடைல சொன்ன மாதிரி ரெண்டையும் மாத்த வேணாம். காச முன் டயர்ல போடுங்க. பின் சக்கரம் வழுக்கினா இடுப்ப அசைச்சு சமாளிச்சிடலாம், முன் சக்கரம் போச்சுன்னா யோசிக்கறதுக்குள்ள கீழ கெடப்போம், உங்களுக்கு அதுதான் நடந்துச்சு. 2013ல பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல உலக சாம்பியன்ஷிப் டவுன்ஹில் (மலையிறங்கும் சைக்கிள்) போட்டில நம்ம தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மினார் கடைசில பின் டயர் பங்ச்சரோடயே வந்து ஜெயிச்சாரே, அதே பங்ச்சர் முன்னாடி ஆயிருந்தா கதையே வேற.

முன்னாடிக்கு மேக்ஸிஸ் ஷார்ட்டி இல்லன்னா ஷ்வால்பே மேஜிக் மேரி பாருங்க. ரெண்டுலயும் பட்டன் உயரமா, தள்ளித்தள்ளி இருக்கும், சேத்துல குத்தி எறங்கும், சக்கரம் சுத்தும்போதே மண்ண உதறிடும். ஆனா ஒண்ணு மனசுல வைங்க, உங்கள தள்ளுனது சேறு இல்ல, வேரு. ஈர மரத்துல எந்த பட்டனும் குத்தி எறங்காது, அங்க பிடிக்கறது ரப்பரோட மென்மைதான். ஒரே மாடல் டயரே பல வகை ரப்பர்ல வரும், அதனால மெத்துன்னு இருக்கறத கேட்டு வாங்குங்க, சீக்கிரம் தேயும், தேயட்டும். முழுக்க ஊசி ஊசியா இருக்கற சேத்து டயர் வேணாம், பாறைல பட்டன் மடங்கி நெளியும், டோக்காய்ல மேல ஏறுற நீள ஜீப் ரோட்ல கால் செத்துடும்.

காசு செலவில்லாத விஷயம் காத்து. ரெண்டு பார் உங்க எடைக்கு ஜாஸ்தி, கல்லு மாதிரி இருக்கும், வேர் மேல படியாம துள்ளும். முன்னாடி 1.5, பின்னாடி 1.7ல ஆரம்பிச்சு 0.1 0.1ஆ கொறைச்சு பாருங்க, ரிம் டொக்குன்னு கல்லுல இடிச்சா மறுபடி கொஞ்சம் ஏத்திடுங்க, ட்யூப் போட்டு ஓட்டறவங்க இவ்ளோ எறக்காதீங்க, ட்யூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். டயருக்குள்ள ஓட்டைய அடைக்கற சீலண்ட் திரவம் காஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க, துய்வெல்கி முள்ளுக்கு குளிர்காலம் வெயில்காலமெல்லாம் கெடையாது. அப்பறம் வேர நேரா குறுக்க கடங்க, சாய்ஞ்ச நெலைல பிரேக் புடிச்சுக்கிட்டு ஏறாதீங்க.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்லேர்ந்து எழுதறேன். புரட்டாசி மழை ஆரம்பிச்சா செம்மண்ணு ஒட்டி சக்கரமே சுத்த மாட்டேங்குது. இன்னும் அகலமான டயர் போட்டா சரியாகுமா?

பதில்: அகலமா போட்டா இன்னும் மோசமாகும். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இடம் இருந்தாதான் மண்ணு வெளிய போகும், பக்கத்துக்கு 6 மில்லிமீட்டராச்சும் இருக்கான்னு அளந்து பாருங்க. இப்ப 2.4 ஓடுதுன்னா 2.2க்கு எறங்குங்க, ஒல்லி டயர் மேல் சேத்த வெட்டிக்கிட்டு அடில இருக்கற கெட்டி மண்ண புடிக்கும். மழை நின்னு பாதி காஞ்ச பசை மண்ணுக்கு மட்டும் எந்த டயரும் உதவாது, ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுட்டு போங்க, பாதையும் உழுத வயல் மாதிரி ஆகாம இருக்கும்.