அச்சின் காயமும் நாணயத்தின் காயமும்

(நாணயம் சேகரிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க டாலர் நாணயங்களைப் பற்றியவை.)

கேள்வி: அமெரிக்காவில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரயில் டிக்கெட் இயந்திரம் மீதிச் சில்லறையாகக் கொடுத்த பொன்னிற டாலர் நாணயங்களில் முப்பதைச் சேர்த்துக் கொண்டுவந்தேன். எல்லாவற்றிலும் அதிபர்களின் முகங்கள் உள்ளன. முகம் மேலே தெரியும்படி வைத்துப் பார்த்தால், சிலவற்றில் பக்கவாட்டு விளிம்பில் உள்ள எழுத்துகள் நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் இருக்கின்றன. தலைகீழானவை பிழை நாணயங்கள், நல்ல விலை போகும் என்று பாரிமுனையில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? – ஒரு வாசகர், பெரம்பூர்.

பதில்: உண்மை இல்லை. தங்களிடம் இருப்பவை 2007-இல் தொடங்கிய அதிபர் வரிசை நாணயங்கள். அவற்றின் முன்புறமும் பின்புறமும் அச்சடிக்கும் இயந்திரத்தில் ஒரே அடியில் உருவாகிவிடும். ஆண்டு, நாணயச்சாலைக் குறி முதலிய விளிம்பு எழுத்துகள் அதற்குப் பிறகு வேறொரு இயந்திரத்தில் பதிக்கப்பட்டன. அந்த இயந்திரத்துக்குள் நாணயங்கள் போய் விழும்போது எந்த முகம் மேலே இருக்க வேண்டும் என்று யாரும் ஒழுங்கு செய்வதில்லை. ஆகவே ஏறக்குறைய பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும் அமைவது இயல்பே. சேகரிப்பாளர்கள் தலைகீழானதை ‘ஏ’ நிலை, நேரானதை ‘பி’ நிலை என்று பிரித்து வைத்துக்கொள்வது உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றைவிட அரிது என்று சொல்ல இடமில்லை.

உண்மையான பிழையும் இதே விளிம்பில்தான் நேர்ந்தது. முதல் அதிபரான வாஷிங்டன் நாணயங்களில் ஏராளமானவை இரண்டாம் இயந்திரத்துக்குப் போகாமலேயே வெளியே வந்துவிட்டன. அவற்றின் விளிம்பு வழவழவென்று வெறுமையாக இருக்கும். அடுத்து வந்த ஜான் ஆடம்ஸ் நாணயங்களில் சில இரண்டு முறை அந்த இயந்திரத்துக்குள் போய், எழுத்தின்மேல் எழுத்து விழுந்து வந்தன. வெறும் விளிம்பு நாணயம் என்று எதையாவது யாராவது நீட்டினால், முதலில் தராசில் வையுங்கள். சரியான எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மில்லிமீட்டர். எழுத்துகளை அரத்தால் தேய்த்து எடுத்திருந்தால் விட்டம் குறைந்திருக்கும், விளிம்பில் அரத்தின் கோடுகளும் தெரியும்.

கேள்வி: ‘டை வெரைட்டி’ என்கிறார்கள், ‘எரர்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா, வேறா? – ஒரு வாசகி, மயிலாப்பூர்.

பதில்: வேறு வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பணம் கொடுத்தவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதால், இதற்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாணயம் என்பது இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையில் வைத்து அழுத்தப்பட்ட ஓர் உலோக வில்லை. அந்த அச்சும் தானாகப் பிறப்பதில்லை. ‘ஹப்’ எனப்படும் எஃகுக் கருவியில் படம் நாணயத்தில் இருப்பது போலவே புடைத்து நிற்கும். அதை மற்றோர் எஃகுத் துண்டின்மேல் அழுத்தினால் படம் குழிவாகப் பதிந்து அச்சு உருவாகும். அப்படி உருவான ஓர் அச்சு தேய்ந்து கழிக்கப்படும்வரை பல்லாயிரக்கணக்கான நாணயங்களை அடிக்கிறது. அந்த அச்சில் ஏதாவது ஒரு தனித்தன்மை இருந்தால் அது அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில், அதே வடிவில் அது வந்து நிற்கும். அதுவே ‘டை வெரைட்டி’ எனப்படும் அச்சு வேற்றுமை. வில்லை கோணலாக விழுந்ததாலோ, இயந்திரத்தில் சிக்கியதாலோ ஒரே ஒரு நாணயத்துக்கு நேர்ந்தது ‘எரர்’, அதாவது பிழை. நாணயம் புழக்கத்துக்கு வந்தபின் தரையில் உரசியோ, சாவிக்கொத்தோடு கிடந்தோ பட்ட அடி இரண்டுமே அல்ல, அது வெறும் சேதம்.

கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அச்சில் ஒரு கீறல் விழுந்தால் அது அச்சில் பள்ளம். அச்சடிக்கும்போது உலோகம் அந்தப் பள்ளத்துக்குள் புகுவதால் நாணயத்தில் அது மேடான கோடாக எழும்பும். நாணயத்தின்மேலேயே பிறகு விழுந்த கீறலோ பள்ளமாகத்தான் இருக்கும். 2000-ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் அடிக்கப்பட்ட சக்காகவேயா டாலரில் (அமெரிக்கப் பழங்குடிப் பெண் சக்காகவேயாவின் உருவம் கொண்ட பொன்னிற நாணயம்) ‘காயம்பட்ட கழுகு’ என்று பெயர் பெற்ற வகை இதற்கு மிகச் சிறந்த சான்று. பின்புறத்தில் பறக்கும் கழுகின் வயிற்றின் குறுக்கே ஈட்டி பாய்ந்தது போலக் கோடுகள் ஓடும். விரல் நுனிக்குப் புலப்படாது, ஆனால் பத்து மடங்கு பெருக்கும் லூப் வழியாக, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் மேடாக எழுந்து நிற்பது தெளிவாகத் தெரியும்.

எல்லா வேற்றுமைகளும் காயத்தால் வந்தவை அல்ல. வடிவத்தையே மாற்றியதால் வந்தவையும் உண்டு. 1979-இல் வெளிவந்த, பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. அந்தோணியின் உருவம் கொண்ட டாலரின் ஃபிலடெல்ஃபியா நாணயங்களில் முதலில் ஓரமேடு குறுகலாக இருந்தது. பின்னர் அதை அகலப்படுத்தினார்கள். அகல ஓர நாணயத்தில் ஆண்டு எண் ஓரத்தை நெருங்கி நிற்கும். பார்த்த உடனே கண்டுபிடிக்கக்கூடிய இந்த வகை இன்றும் குறுகிய ஓர நாணயத்தைவிடப் பல மடங்கு விலை பெறுகிறது. அதிபர் ஐசனோவரின் முகம் கொண்ட 1972-ஆம் ஆண்டு டாலரின் பின்புறத்தில், நிலவில் இறங்கும் கழுகுக்கு மேலே சிறிய பூமி ஒன்று இருக்கும். அந்தப் பூமி சப்பையாக இருக்கிறதா உருண்டையாக இருக்கிறதா என்பதையும், ஃப்ளோரிடா முனைக்கு அருகில் தீவுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதையும் கொண்டு ஃபிலடெல்ஃபியா நாணயங்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். இரண்டாம் வகையே அரிது. மிளகைவிடச் சிறிய அந்தப் பூமியை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பதில் உள்ள இன்பத்தை, அதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

நம் நாட்டு நாணயங்களைச் சேகரிப்பவருக்கு இந்தக் கண் ஏற்கெனவே பழகியதுதான். ஆண்டு எண்ணுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று பார்த்துப் பழகியவர், டாலரில் பி (ஃபிலடெல்ஃபியா), டி (டென்வர்), எஸ் (சான் ஃபிரான்சிஸ்கோ) என்ற நாணயச்சாலை எழுத்துகளைப் பார்க்கச் சிரமப்பட மாட்டார். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சக்காகவேயா நாணயத்தில் 2009 முதல் ஆண்டும் குறியும் விளிம்புக்கு மாறிவிட்டன.

கேள்வி: இணையத்தில் ‘டபுள் டை’ என்று சொல்லப்பட்ட ஓர் ஐசனோவர் டாலரை நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். எழுத்துகளின் பக்கத்தில் நிழல் போல இன்னொரு கோடு தெரிகிறது. சரியான விலைதானா? – ஒரு வாசகர், தாம்பரம்.

பதில்: தாங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், அது ‘டபுள் டை’ அல்ல. நாணயத்தை அடித்து முடித்த கணத்தில் அச்சு சற்றே நகர்ந்தால், புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தை அது நசுக்கிவிடும். அப்போது எழுத்தின் பக்கத்தில் தட்டையாக, பளபளப்பாக, படிக்கட்டின் ஒரு படி போல ஒரு கோடு உண்டாகும். அந்த அளவுக்கு எழுத்து மெலிந்து போயிருக்கும். இதை இயந்திர இரட்டிப்பு என்பார்கள், ஐசனோவர் டாலர்களில் இது மிகச் சாதாரணம்.

உண்மையான இரட்டை அச்சில் நடப்பது வேறு. முற்காலத்தில் ஓர் அச்சில் படம் முழுமையாகப் பதிய ஹப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் முறை இம்மியளவு பிசகினாலும் அச்சிலேயே இரண்டு படங்கள் பதிந்துவிடும். அந்த அச்சில் அடித்த நாணயத்தில் எழுத்து மெலியாது, தடிக்கும். இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டிருக்கும். எழுத்தின் மூலைகளில் பாம்பின் நாக்கு போலப் பிளவு தெரியும். 1971-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சேகரிப்பாளர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு அடிக்கப்பட்ட வெள்ளி ‘ப்ரூஃப்’ ஐசனோவர் நாணயங்கள் சிலவற்றில் இதை அழகாகக் காணலாம். 1990-களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சு செய்யும் முறை வந்தபின் இத்தகைய பெரிய இரட்டிப்புகள் அருகிவிட்டன. ஆகவே பிற்கால அதிபர் நாணயத்தைக் காட்டி யாராவது பெரிய ‘டபுள் டை’ என்று சொன்னால் இரட்டிப்புக் கவனம் தேவை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் நானும் இதே போன்ற ஒரு நாணயத்தை இதே நம்பிக்கையில் வாங்கினேன். அன்றிரவு வீட்டில் மேசைவிளக்கின் கீழே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, ஆண்டு எண்ணின் ஓரத்தில் அந்தத் தட்டையான படி மின்னியது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு இயந்திர இரட்டிப்பைக் காட்ட அதைவிட நல்ல மாதிரி என்னிடம் இல்லை. தாங்களும் திருப்பிக் கொடுக்க முயலுங்கள், முடியாவிட்டால் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொன்னிற டாலர்கள் பழுப்பேறிவிட்டன. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? – ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். செப்பு நடுத்தகட்டின் இருபுறமும் மாங்கனீசு கலந்த பித்தளை ஒட்டிய நாணயம் அது. பழுப்பது அதன் இயல்பு. புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்து, அச்சு விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகளையும் சேர்த்து அழித்துவிடும்; பிறகு அது என்ன வகை என்று எவராலும் சொல்ல முடியாது. பி.வி.சி. உறைகளிலும் வைக்காதீர்கள், பச்சைப் பிசின் படியும். நம் ஊர்க் கடற்காற்றுக்கு, மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது.

கேள்வி: வெளிநாட்டு நாணயங்களை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா? – ஒரு வாசகர், அண்ணா நகர்.

பதில்: சரிதான். அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டு நாணயங்களை எவரும் அளவுக் கட்டுப்பாடின்றி வைத்திருக்கலாம். தாள் பணத்துக்குத்தான் வரம்பு.

கேள்வி: அதிகம் செலவழிக்காமல் எதிலிருந்து தொடங்கலாம்? – ஒரு கல்லூரி மாணவர், வியாசர்பாடி.

பதில்: 2000-ஆம் ஆண்டு ‘பி’ குறியுள்ள சக்காகவேயா டாலரிலிருந்து. அந்த ஆண்டு சீரியோஸ் என்ற காலை உணவுப் பெட்டிகளில் ஏறக்குறைய 5,500 நாணயங்களைப் போட்டு விளம்பரம் செய்தார்கள். அவற்றில் சிலவற்றின் கழுகு வால் இறகுகளில் நடுத்தண்டும் நரம்புகளும் மிகத் தெளிவாக இருப்பதை 2005-இல்தான் சேகரிப்பாளர்கள் கவனித்தார்கள்; வழக்கமான நாணயத்தைவிட மாறுபட்ட, முதலில் செய்த அச்சில் அடித்தவை அவை. அந்த 2000-ஆம் ஆண்டு நாணயம் சாதாரண நிலையில் மலிவாகவே கிடைக்கிறது. வாங்கும் ஒவ்வொன்றிலும் முதலில் வாலைப் பாருங்கள், பிறகு வயிற்றைப் பாருங்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இருபது நாணயங்களை அப்படிப் பார்த்த பிறகு, இருபத்தொன்றாவதில் ஏதாவது மாறியிருந்தால் லூப் எடுப்பதற்கு முன்பே தங்கள் கண் அங்கே போய் நிற்கும்.