ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது?

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, அதற்காக ஏங்கியதும் இல்லை. "வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மண்பானை இருக்கிறதே!

மண்பானை என்பது சுட்ட களிமண் பாத்திரம். அதன் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து வெளியே ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஆகும் வெப்பத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலிருந்து எடுத்தால், அதன் சூடு அரை டிகிரிக்கு மேல் இறங்கும். குளித்துவிட்டு ஈர உடம்போடு ஃபேனுக்கு அடியில் நின்றால் சிலிர்க்கிறதே, அதேதான்.

அடியில் மணலைப் பரப்பி நனைத்து, காற்று வரும் ஜன்னலோரம் வைக்கிறோம். மதியம் பானையின் வயிற்றைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும். மதுரை வெயிலில் நன்றாகவே குளிரும். கடலோரச் சென்னையில் காற்றிலேயே ஈரம் அதிகம், அதனால் கொஞ்சம் குறைவு. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. அப்புறம் பால், மீன் எல்லாம் அன்றன்றைக்கு வாங்குவதுதான்.

மண்ணுக்கே குளிர்ச்சி உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். குளிர வைப்பது அந்தக் கசிவுதான், அதனால் பளபளவென்று பெயின்ட் அடித்த பானையில் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது.