எம்பாசிங் பவுடர் எழுத்தை விட்டு வெளியேயும் ஏன் ஒட்டுகிறது?

கேள்வி: கருநீல அட்டையில் வெள்ளை எம்பாசிங் பவுடரைத் தூவி வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். எழுத்துகளைச் சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிவிடுகின்றன. ஹேர் டிரையரை எவ்வளவு நேரம் காட்டினாலும் பவுடர் உருகவில்லை. பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைப் பயன்படுத்தினால் எழுத்து எண்ணெய்க் கறைபோலத் தட்டையாகிவிடுகிறது. முழு எம்பாசிங் கிட் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளில் ஒன்றுகூட கிட் இல்லாததால் வந்ததன்று.

எம்பாசிங் பவுடர் என்பது சூட்டில் உருகும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள். ஈரமான மையில் ஒட்டி, உருகி ஒன்றுசேர்ந்து, ஆறியதும் புடைத்து நிற்கும். ஆனால் அது மையில் மட்டும் ஒட்டுவதில்லை. கை பட்ட எண்ணெய்ப் பசையிலும், நிலைமின்னூட்டம் ஏறிய அட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பவுடரும் கருநீல அட்டையும் சேரும்போது இந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது. சோளமாவையோ டால்கம் பவுடரையோ மெல்லிய பருத்தித் துணியில் சிறு மூட்டையாகக் கட்டி, ரப்பர் ஸ்டாம்பால் எழுத்தைப் பதிப்பதற்கு முன் அட்டையின்மேல் ஒற்றி எடுங்கள். பவுடரைத் தூவிய பிறகு அட்டையைச் சாய்த்து, பின்புறம் விரலால் சுண்டி, எஞ்சிய புள்ளிகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அதன் பின்னரே சூடு காட்டுங்கள். இந்த மூட்டையைத்தான் தனிப்பெயர் சூட்டிக் கிட்டுக்குள் வைத்து விற்கிறார்கள்.

ஹேர் டிரையரின் சூடு போதாது; அதன் காற்றோ பவுடரை ஊதிக் கலைத்துவிடும். பெயின்ட் உரிக்கும் கருவி 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே போகக்கூடியது என்பதால், உருகிய பிளாஸ்டிக் மேலே நிற்காமல் காகித நாருக்குள் இறங்கிவிடுகிறது. நீங்கள் பார்த்த எண்ணெய்க் கறை அதுதான். நீங்கள் வாங்க வேண்டியது கைவினை வேலைக்கான சிறிய ஹீட் டூல் ஒன்றே. அதை அட்டையிலிருந்து விலக்கிப் பிடித்துப் பத்துப் பதினைந்து வினாடி சூடேற விட்டு, பிறகு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் காட்டுங்கள். பொடிப்பொடியாக இருந்த பரப்பு பளபளப்பாக மாறும் அந்தக் கணத்திலேயே அடுத்த எழுத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். அட்டையை விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடியுங்கள்.

மையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மெதுவாக உலரும் எம்பாசிங் மையோ பிக்மென்ட் மையோதான் (நிறம் கரையாமல் நுண்துகளாகக் கலந்திருக்கும் மை) பவுடரைப் பிடித்து வைக்கும். நிறம் முழுதும் கரைந்திருக்கும் டை (dye) மை, பவுடரைத் தூவுவதற்குள் உலர்ந்துவிடும். உங்கள் பவுடர் வெள்ளை என்பதால் மையின் நிறம் எதுவானாலும் மறைந்துவிடும், நிறமற்ற எம்பாசிங் மையே போதும். நிறமற்ற பவுடருக்கு மட்டும் இந்த விதி செல்லாது. அது கண்ணாடி போன்றது. அடியிலுள்ள மையின் நிறமே மேலே தெரியும். அதனால் அதற்கு நிறமுள்ள பிக்மென்ட் மை வேண்டும். நிறமற்ற மையின்மேல் நிறமற்ற பவுடரைத் தூவினால் அட்டையின் நிறமே சற்று இருண்டு, ஈரம் பட்டதுபோலத் தெரியும். அதையே அழகாக எண்ணி வேண்டுமென்றே செய்பவர்கள் உண்டு; எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் அது உதவாது.

இவ்வளவையும் பவுடர் டப்பாவின்மேல் நான்கு வரியில் அச்சிட்டுவிடலாம். எந்த மை பொருந்தும், துகள் நுண்ணியதா பருமனா என்பதைக்கூடச் சொல்லாமல் 'சூடாக்கவும்' என்று மட்டும் போட்டுவிட்டு, தவறிப்போனால் இன்னொரு கிட் வாங்கச் சொல்லும் இந்த வணிகமுறை எனக்குப் பெரும் எரிச்சலைத் தருகிறது. மெல்லிய எழுத்துகளுக்கு நுண்துகள் பவுடரைக் கேட்டு வாங்குங்கள். பருமனான துகள் எழுத்தின் இடைவெளிகளை அடைத்துவிடும்.

சூடு காட்டும்போது அட்டை வளையவும் கூடும்; அதற்குக் காரணம் ஒரே இடத்தில் நின்று காட்டும் சூடு. 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) அளவுக்குத் தடித்த அட்டையை எடுத்துக்கொண்டு, பவுடர் உருகத் தொடங்கியதும் கருவியை அட்டையின் பின்புறமும் காட்டுங்கள். அதன் பிறகும் சற்று வளைந்திருந்தால், எழுத்து முழுவதும் ஆறிய பின் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்து எடுங்கள்.