பின்னேரப் படிப்பறை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் தொடர்மாடியின் கீழ்மண்டபத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை இருத்தி வீட்டுப்பாடம் செய்ய உதவத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. இந்த மாதம் வந்த கேள்விகளில் சில.

மகன் கனடா வந்து மூன்று வருடம். ஆங்கிலம் பொரிந்து தள்ளுகிறான். ரிப்போர்ட்டில் மட்டும் குறைவு. சோம்பலா அக்கா?

சோம்பல் இல்லை, தங்கச்சி. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் 1981லேயே இதைக் கணக்குப் பார்த்து எழுதிவிட்டார். விளையாட்டுத் திடலில் கதைக்கிற ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் போகும்.

எங்களிடம் வரும் 5ஆம் வகுப்புப் பெடியன் ஒருவன் பின்னக் கணக்கில் புலி. ஒருநாள் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தபடி இருந்தான். கேள்வியில் 'ரிமெயினிங்' என்று ஒரு சொல். "மிச்சம், தம்பி" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விடை வந்தது.

அப்போ வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்தட்டுமா? ரீச்சர் அப்படித்தான் சொன்னா.

வேண்டாம். அந்த 'மிச்சம்' அவன் வீட்டில் கேட்டுப் பழகிய சொல். உங்களுக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் கதைத்தால் பேச்சு "சாப்பிட்டியா, போய்ப் படு" என்பதோடு நின்றுவிடும். பனி ஏன் உருகுது, ஊரில் கிணறு எப்படி இறைத்தீர்கள் என்றெல்லாம் நீட்டிக் கதைக்க உங்களுக்குத் தமிழ்தானே வரும்? ரீச்சர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பா. ஆனாலும் கேட்காதீர்கள்.

எங்கள் கட்டடத்திலும் தொடங்க ஆசை. சம்பளம் கொடுக்கக் காசில்லை. ஆளுக்கு எங்கே போவது?

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்பள்ளி டிப்ளோமா வாங்க 40 மணிநேரச் சமூகத் தொண்டு கட்டாயம். அந்தப் பிள்ளைகள் உங்கள் லிஃப்டிலேயே ஏறி இறங்குகிறார்கள். ஒன்று மட்டும்: 40 மணி முடிந்த மறுநாளே பலர் மறைந்துவிடுவார்கள். ஒரேயடியாகக் கொடுக்காமல் வாரம் ஒரு நாள், ஒன்றரை மணிநேரம் என்று பிரித்துக் கொடுங்கள். சின்னப்பிள்ளைகளுக்கும் அதே அண்ணா, அக்கா முகம் ஆறு ஏழு மாதம் கிடைக்கும்.

பெரியவர்கள் உதவ வந்தால், குற்றப் பதிவு உண்டா என்று பார்த்துப் பொலிஸ் கொடுக்கும் சோதனைச் சான்று கேளுங்கள். கோயிலில் தினமும் பார்க்கிற ஆள் என்றாலும் கேளுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். பிள்ளையைச் சேர்ப்பீர்களா?

நாளைக்கே கூட்டி வாருங்கள். இங்கே யாரும் பத்திரம் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் பயப்பட வேண்டாம். பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படி கனடாவில் இல்லை என்றால்கூட, அந்தக் காரணத்துக்காக 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களோ கோரிக்கை கொடுத்துவிட்டு முறைப்படி இருப்பவர்கள்.

ரியூஷன் மாதிரி 90 புள்ளிக்கு மேல் எடுக்க வைப்பீர்களா?

மாட்டோம்.

இருவருக்கும் பின்னேர வேலை. 6 மணிக்குக் கூட்டிப்போக ஆளில்லை. பக்கத்து வீட்டு அன்ரியோடு அனுப்புவீர்களா?

அன்ரியின் பெயரை நீங்களே வந்து கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தால் அனுப்புவோம். போனில் சொன்னால் போதாது. அதுவரை பிள்ளை எங்களோடு கதிரை அடுக்கிக்கொண்டிருக்கும்.