சதையிக் கற்கள்: கேள்விகளும் வைத்தியரின் பதில்களும்

நாட்பட்ட சதையி (கணைய) அழற்சி உள்ளவர்களும் அவர்களது வீட்டாரும் கேட்டவற்றுக்கு, கொழும்பில் சமிபாட்டு நோய்களுக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (மட்டக்குளி): கணவருக்குச் சதையியின் தலைப்பகுதிக் கானில் (சாறு செல்லும் குழாயில்) 9 மில்லிமீற்றர் கல் இருப்பதாக சீ.ரீ. ஸ்கேனில் தெரிந்தது. சாப்பிட்டதும் வலியில் துடிக்கிறார். சிறுநீரகக் கல்லுக்குப் போலப் பொல்பலா மூலிகையை அவித்துக் கொடுக்கிறேன். கரையுமா?

பதில்: கரையாது, சகோதரி. குடிக்கும் எதுவும் சதையிக் கானுக்குள் சென்று கல்லைத் தொடுவதில்லை. சதையிச் சாற்றிலுள்ள புரதம் தடித்து, அதன்மேல் கல்சியம் காபனேற்று படிந்து உருவாகும் இக்கல் மிகக் கடினமானது. கானை அடைத்துக்கொண்டு, சாறு வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவது வலிக்கான காரணங்களுள் ஒன்று. தலைப்பகுதியிலோ நடுப்பகுதியிலோ கானை அடைத்திருக்கும் கல் 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்டதாகவும் எக்ஸ்-கதிரில் தெரிவதாகவும் இருந்தால், உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தி அதை நொறுக்குவதே முதலில் கருதப்படும் முறை. சிறுநீரகக் கல்லுக்காக 1980இல் ஜேர்மனியில் தொடங்கிய இம்முறை, சதையிக் கல்லுக்கும் பயன்பட்டதாக 1987இல் அறிக்கையிடப்பட்டது. ஒரே அமர்வில் முடியாமல் போகலாம். ஏறக்குறைய 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த துகள்களாக்கினால், அவை தாமாகவே குடலுக்குள் வெளியேறும், அல்லது வாய்வழியே கமராக் குழாயைச் செலுத்திச் செய்யும் ஈ.ஆர்.சீ.பீ. மூலம் அகற்றப்படும். நொறுக்காமல் பெரிய கல்லை இழுக்க முயன்றால் கருவி உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சிகிச்சைக்குப் பின் சிலருக்கு அழற்சி திடீரெனக் கூடலாம் என்பதையும் அறிந்துகொண்டே சம்மதியுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அம்மாவுக்கு நிறையக் கற்கள், ஆனால் வலியே இல்லை. எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். படத்தில் தெரிகிறது என்பதற்காக மட்டும் கல்லை எடுப்பதில்லை. இரத்தச் சீனியைக் காலத்துக்குக் காலம் பார்த்துவாருங்கள். உடல் மெலிந்தாலோ கண் மஞ்சளித்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள், ஏனெனில் நாட்பட்ட அழற்சி உள்ளவர்களுக்குச் சதையிப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்புச் சற்று அதிகம்.

கேள்வி (வெள்ளவத்தை): இரண்டு தடவை கல்லை உடைத்து, ஸ்டென்ற்றும் (கானைத் திறந்து வைத்திருக்கும் சிறு குழாய்) வைத்தார்கள். வலி திரும்பிவிட்டது. சத்திரசிகிச்சை என்றால் பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, பயம் நியாயமானது; ஆனால் அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. வலி நீண்டுகொண்டே போனால் அதைக் கடத்தும் நரம்புகளே மாறிவிடுகின்றன. பிறகு கானைத் திறந்துவிட்டாலும் வலி முழுமையாக அடங்காமல் போகலாம். நெதர்லாந்தில் 88 நோயாளரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பத்திலேயே சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு, என்டொஸ்கோப்பிச் சிகிச்சையில் (வாய்வழிக் கமராக் குழாய் மூலம்) தொடங்கிப் படிப்படியாகச் சென்றவர்களைவிட வலி குறைவாக இருந்தது. விரிந்த கானை நீளவாக்கில் திறந்து சிறுகுடலுடன் இணைப்பதும், தலைப்பகுதி வீங்கியிருந்தால் அதில் ஒரு பகுதியைக் குடைந்தெடுப்பதும் வழக்கமான முறைகள். கல்லை அகற்றி ஆறு முதல் எட்டு வாரங்களில் போதிய நிவாரணம் இல்லையெனில், மீண்டும் ஸ்டென்ற் மாற்றத் திகதி எடுக்குமுன் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரும் உங்கள் படங்களைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் வைத்தியரை அவமதிப்பதாகாது.

கேள்வி (தெமட்டகொட): சமிபாட்டுக்கென எழுதித் தந்த நொதியக் கப்சூல் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாமே? நாங்கள் முஸ்லிம்கள்.

பதில்: உண்மைதான், அது பன்றியின் சதையியிலிருந்து பெறப்படுகிறது. நோயாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லவேண்டியது எங்கள் கடமை. மாற்று மருந்து கிடைக்காத நிலையில் இதை அனுமதிக்கும் மார்க்க அறிஞர்கள் உள்ளனர். உங்கள் மௌலவியிடம் கேட்டு முடிவெடுங்கள். மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதந்து, தண்ணீர் ஊற்றியும் ஒட்டிக்கொண்டிருந்தால் கொழுப்புச் சமிபாடடையவில்லை என்று பொருள். அந்நிலையில் மருந்தைத் தவிர்த்தால் விற்றமின்கள் குறைந்து எலும்பும் பலவீனமாகும். எடுப்பதானால் உணவோடு எடுங்கள்: பிரதான வேளைக்கு 40,000 முதல் 50,000 அலகு லிப்பேஸ் (கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியம்), சிற்றுண்டிக்கு அதில் பாதி. வெறும் வயிற்றில் விழுங்கினால் பயனில்லை.

கேள்வி (கிராண்ட்பாஸ்): சாராயத்தை விட்டுவிட்டேன். சிகரெட் மட்டும் நாலைந்து. இன்சுலினும் போடுகிறேன்.

பதில்: சாராயத்தை விட்டது பெரிய காரியம், தம்பி. சிகரெட்டும் தனியாகவே இந்நோயை வளர்த்துக் கல்படிவதை விரைவுபடுத்தும், அதையும் விடுங்கள். சதையி பழுதுபட்டால் இன்சுலினோடு, தாழ்ந்த சீனியை உயர்த்தும் குளுக்ககனும் குறைந்துவிடும். ஆகவே உங்களுக்குச் சீனி திடீரென இறங்கக்கூடும். ஊசி போட்டபின் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.