டாக்டர் சீட்டுக்காகக் காபித் தோட்டத்தை விற்காதீர்கள்

கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். சொந்தத் தோட்டத்துக் காபியோடு, சுற்றியுள்ள சிறு விவசாயிகளிடமும் பழம் வாங்கிப் பதப்படுத்தி, வறுத்து விற்கும் குடும்பம். மகள் ப்ளஸ் டூ உயிரியல் பிரிவு. நீட்டில் மதிப்பெண் போதவில்லை. "ரெண்டு ஏக்கரை வித்து வெளிநாட்டுக்கு அனுப்பு, டாக்டராகட்டும்" என்று பெரியப்பா நெருக்குகிறாராம்.

கவலை புரிகிறது அம்மா. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்கிறேன், விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிய முடியும். தேறாவிட்டால் படிப்பும் கைகொடுக்காது, சோறு போட்ட நிலமும் இருக்காது. அன்றைக்குப் பெரியப்பா பொறுப்பேற்க மாட்டார்.

இன்ஜினியரிங், பி.காம். பற்றிச் சொல்ல உறவினர்களே போதும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன்: "களத்துல காயுற காபியை மோந்து பார்த்தே புளிச்சிருக்குன்னு சொல்லிடுவா." இந்த மூக்குக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது.

மத்திய அரசின் காபி வாரியம் காபித் தர மேலாண்மையில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. சிக்கமகளூரு மாவட்டம் பாலேஹொன்னூரில் 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்திலும் பெங்களூரிலுமாக வகுப்புகள். அதற்கு முன் ஒரு பட்டம் வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உங்கள் மலையடிவாரத்திலேயே இருக்கிறது, நீட் தேவையில்லை. கிடைக்காவிட்டால் வேதியியலோ உணவு அறிவியலோ படிக்கட்டும்.

அந்த டிப்ளமோவில் காபியை ருசி பார்ப்பதே பாடம். 8.25 கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர், சுமார் 93 டிகிரி. நான்கு நிமிடம் கழித்து மேலே படிந்த தூளைக் கரண்டியால் விலக்கி முகர வேண்டும். ஆறியதும் உறிஞ்சிப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். நூற்றுக்கு எண்பதைத் தொட்டால்தான் ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரக் காபி. காயும் பழமுமாகப் பறித்திருந்தால், வறுத்தபின் சில கொட்டைகள் மட்டும் வெளிறி நிற்கும். அந்தச் சில கொட்டைகளே ஒரு கப்பைக் கெடுக்கப் போதும்.

இது ஊருக்கும் ஆகிற படிப்பு. பழமாகப் பார்த்துப் பறிக்க, ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை ஆள் விட வேண்டும். வியாபாரி எல்லாவற்றுக்கும் ஒரே விலை போட்டால், விவசாயி அந்தக் கூலியை ஏன் கொடுக்கப் போகிறார்? யாருடைய காபி ஏன் நன்றாக வந்தது, யாருடையது எந்தக் கட்டத்தில் கெட்டது என்று உங்கள் மகள் மதிப்பெண் தாளோடு போய்ச் சொல்லலாம். நல்ல பறிப்புக்குக் கூடுதல் விலையும் நீங்கள் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் பழம் மட்டும் நன்றாக வேண்டும் என்பது நியாயமில்லை.

சரி, அவளுக்கு டாக்டராகத்தான் ஆசை என்றால்? பெரியப்பா இல்லாத நேரத்தில் அவளிடமே கேளுங்கள். ஆமாம் என்றால் வீட்டிலிருந்தே இன்னொரு முறை நீட் எழுதட்டும், அரசு இடத்துக்கு மட்டும். காபிதான் என்றால், காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும்.